பால் பைத்தான்: பழைய யோசனை கண்முன்னே பொய்த்த தருணங்கள்

புற்றுமண்:
வீட்டில் வளர்த்த பால் பைத்தான் (ball python, ஆப்பிரிக்காவின் சிறிய மலைப்பாம்பு) சட்டை உரித்த பிறகும் அதன் கண்மேல் ஒட்டியிருந்த பழைய செதிலை ஒருவர் செலோடேப் ஒட்டி இழுத்தார். டேப்பில் ரத்தக் கசிவு. அந்தக் கண் மனசை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது. பாம்புக்கு இமை கிடையாது. கண்ணாடி மாதிரி இருக்கும் அந்தச் செதில்தான் காவல். பழையதோடு புதியதும் கிழிந்தால் கண்ணே போய்விடும். ஒரு காலத்தில் டேப்தான் ஊரறிந்த வைத்தியம். இப்போது மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் பாம்பு நுழைய ஓட்டை போட்டு, விளிம்பை மழுங்கத் தேய்த்து, பிழிந்த ஈரப்பாசி நிரப்பிக் கூண்டின் வெதுவெதுப்பான பக்கம் வைப்பார்கள். அதிலும் போகவில்லையா, அடுத்த உரிப்பு வரை தொடாதீர்கள்.

ஈரக்காற்று:
அண்ணே, டப்பா சரி. மூலகாரணத்தைத் தொடவே இல்லையே! கானா, டோகோ, பெனின் பக்கத்துப் பாம்பு இது. பகலெல்லாம் எலி வளையிலும் கரையான் புற்றிலும் பதுங்கும். உள்ளே ஈரம் நிற்கும். ஈரப்பதம் 50% போதும் என்ற பழைய கணக்கில்தான் சட்டை துண்டு துண்டாக உரிகிறது. இன்று 60 முதல் 80% வரை சொல்கிறார்கள். அதற்காக ஸ்பிரே அடித்துக்கொண்டே இருந்தால் மேல்பரப்பு நனைந்து வயிற்றுச் செதில் அழுகும். தேங்காய் நார்த்தூளை 8 செ.மீ. ஆழம் போட்டு, மூலையில் தண்ணீர் ஊற்றுங்கள். அடி ஈரமாகவும் மேல் காய்ந்தும் இருக்க வேண்டும்.

சூட்டுக்கோல்:
வயிற்றுச் செதில்கள் வரிசையாகப் பழுப்பேறி வெந்து கிடந்ததைப் பார்த்தேன். ஹீட் மேட்டில் (அடியிலிருந்து சூடேற்றும் விரிப்பு) தெர்மோஸ்டாட் (சூட்டைக் கட்டுப்படுத்தும் கருவி) இருந்தது. சென்சார் நழுவிக் காற்றில் தொங்கியதால் மேட் அணையவே இல்லை. அடியில் சுட்டாலும் பாம்பு நகராமல் கிடக்கும். சூடாகும் செயற்கைக் கல்லைக் கைவிட்டதும் இதனால்தான். இப்போது மேலிருந்து ஹாலஜன் பல்பு, அதற்கு மின்சாரத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மிங் தெர்மோஸ்டாட். வெயில்காயும் இடத்தின் மேற்பரப்பு 32–35 டிகிரி, குளிர்ந்த பக்கம் 24–27. கூண்டின் கண்ணாடியில் ஒட்டும் வெப்பமானி ஸ்டிக்கர் கண்ணாடியின் சூட்டைத்தான் காட்டும், தொடாமலே சூட்டை அளக்கும் இன்ஃப்ராரெட் கன் வாங்குங்கள். இரவில் சிவப்பு பல்பு வேண்டாம். ஈரக்காற்று கவனிக்க: ஹாலஜன் காற்றை உலர்த்தும், மேல் வலையில் பாதியை மூடாமல் உங்கள் 80% நிற்காது.

புற்றுமண்:
சூட்டுக்கோல், அது சரிதான். தீனியை யாரும் பேசவில்லையே? வளர்ந்த பாம்புக்கும் வாரம் ஒரு எலி கொடுத்துக் கொடுத்து, வளையும்போது கொழுப்பு மடிப்பு தெரிகிற பாம்புகள்தான் இன்று அதிகம். பெரியதற்கு உடல் எடையில் 5% அளவு எலி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு தடவை. உறைந்த எலியை மைக்ரோவேவில் வைக்காதீர்கள், உள்ளே வெந்துவிடும். ஃப்ரிட்ஜில் இளக்கி, பிறகு வெந்நீரில் சூடேற்றுங்கள். ஆண் பாம்பு மாதக்கணக்கில் தின்னாவிட்டாலும் தராசில் எடை குறையவில்லை என்றால் பயமில்லை.

மரப்பொந்து:
“பெரிய கூண்டில் பயந்து தின்னாது” என்ற பழைய யோசனையும் அரைகுறை உண்மை. வெறுமையாக இருந்தால்தான் பயம். 120×60×60 செ.மீ. கூண்டில் இரு பக்கமும் உடம்பை நெருக்கிப் பிடிக்கும் மறைவிடம், நடுவில் கிளை, இலைச்சருகு வைத்தால் இரவில் ஏறித் திரியும். இந்தியாவில் வளர்ப்பவர்களுக்கு ஒன்று: பால் பைத்தான் சைட்டிஸ் (காட்டுயிர்களின் உலக வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம்) இரண்டாம் இணைப்பில் உள்ள இனம், 2024 விதிப்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் தளத்தில் பதிய வேண்டும். சட்டப் பாதுகாப்பில் உள்ள நம் நாட்டுப் பாம்புகளை வீட்டில் வைக்கச் சட்டம் விடாது.