கல்நெஞ்சுக்காரி வரும் வெஸ்டர்ன் கதை எது நல்லது?

முள்ளுக்காடு:
லயன் காமிக்ஸில் டெக்ஸ் வில்லர் படித்து வளர்ந்தவன் நான். கௌபாய் கதை என்றால் இன்னமும் கை தானாகப் போகும். இப்போது ஆங்கில நாவல்களும் பழைய படங்களும் தேடுகிறேன். எனக்கு வேண்டியது இருட்டான கதை, அதில் இரக்கம் பார்க்காத, பிடித்த பிடியை விடாத ஒரு பெண். கிடைப்பதெல்லாம் ஒரே அச்சாக இருக்கிறது: புருஷனைக் கொன்றுவிடுவார்கள், அவளைச் சீரழிப்பார்கள், உடனே துப்பாக்கி பழகி ஒவ்வொருவனாகச் சுட்டுத் தள்ளுவாள். அதற்கு முன்னால் அவள் எப்படிப்பட்டவள் என்று ஒரு வரி கூட இருக்காது. கொடுமை நடந்ததால் மாறியவள் வேண்டாம், குணத்திலேயே அழுத்தக்காரியாக ஒருத்தி வேண்டும். கெட்டவளாக இருந்தாலும் சரி.

ஊர்க்குருவி:
யோசிக்கவே வேண்டாம், 'ட்ரூ கிரிட்'. சார்லஸ் போர்ட்டிஸ் 1968இல் எழுதிய நாவல். இதிலும் அப்பாவைக் கொன்றவனைத் தேடித்தான் மேட்டி ராஸ் கிளம்புகிறாள், வயது 14, ஆனால் அந்தச் சாவு அவளை மாற்றவில்லை, அவள் ஏற்கெனவே அப்படித்தான் என்பது குதிரை வியாபாரியோடு பேரம் பேசும் இடத்திலேயே தெரிந்துவிடும். அந்தப் பெரிய மனுஷனை வக்கீல் பெயரைச் சொல்லிச் சொல்லியே மடக்கிப் பணத்தைக் கறந்துவிடுவாள். ஆள்பிடிக்க ரூஸ்டர் காக்பர்னை அமர்த்துவதும் அப்படித்தான், இருப்பதிலேயே ஈவிரக்கமில்லாத மார்ஷல் யார் என்று விசாரித்து அவரையே பிடிக்கிறாள்.

1969, 2010 இரண்டு படங்களும் நல்ல படங்கள், ஆனாலும் நாவலைப் படியுங்கள். கதையைச் சொல்வது கிழவியான மேட்டி. பாம்புக் கடியில் ஒரு கை போய்விட்டது, கல்யாணம் இல்லை, சொந்தமாக வங்கி நடத்துகிறாள், ஊரார் பேச்சைச் சட்டை செய்வதில்லை. ஆட்கள் சாவதையும் செலவான தொகையையும் ஒரே குரலில் சொல்வாள் பாருங்கள், எனக்கு அங்கேதான் உடம்பு சில்லிட்டது. 1969 படத்தில் அந்தக் கையை அவளுக்கே விட்டுவைத்துவிட்டார்கள், அதை என்னால் இன்றுவரை ஏற்க முடியவில்லை.

கரிசல்:
ஊர்க்குருவி சொன்னது சரி, ஆனால் மேட்டி நல்லவள். கேட்டவர் கெட்டவளானாலும் சரி என்கிறாரே! 'தி ஃபியூரிஸ்' பாருங்கள், 1950, ஆண்டனி மான் இயக்கம், பார்பரா ஸ்டான்விக் நடித்தது. கறுப்பு வெள்ளைதான், ஆனால் அவ்வளவு இருட்டு. பெரிய பண்ணைக்காரர் ஒருவர், அவருக்குச் சற்றும் குறையாத மகள் வான்ஸ். அப்பா கட்டிக்கொள்ளப்போகும் பெண்மணியின் முகத்தில் கத்தரிக்கோலை வீசுகிறாள். பதிலுக்கு அப்பா, அவள் சிறு வயதிலிருந்து நேசித்த நண்பனைத் தூக்கில் போடுகிறார். அதன்பிறகு அவள் துப்பாக்கியைத் தொடவில்லை. அப்பா ரொக்கத்துக்குப் பதிலாக ஊரெல்லாம் கொடுத்துவைத்த கடன்சீட்டுகளை ஆள்மாற்றி ஆளாகத் தேடிப்போய் அடிமாட்டு விலைக்கு வாங்கிச் சேர்த்து, அந்தச் சீட்டுகளைக் கொடுத்தே அவருடைய மந்தையை வாங்கிவிடுகிறாள். அப்பனுக்குப் பிறந்த மகள் என்றால் அவள்தான்.

நாடோடி:
இந்த மாதிரி வெஸ்டர்ன் கதைகளில் பல நேரம் சண்டை நிலத்தில் வந்து நிற்பதற்குக் காரணம் உண்டு. அமெரிக்காவின் 1862 ஹோம்ஸ்டெட் சட்டப்படி 21 வயதான தனிப்பெண்ணோ விதவையோ தன் பெயரிலேயே அரசு நிலம் 160 ஏக்கர் வரை கேட்கலாம் என்றிருந்தது, 5 வருடம் அங்கே குடியிருந்து பயிர் செய்தால் சொந்தம். புருஷனோடு வாழ்ந்தவளுக்குப் பொதுவாக அந்த உரிமை இருக்கவில்லை. அதனால் அங்கே தனியாக நின்றவளுக்கு இழப்பதற்கும் காப்பதற்கும் சொந்தமாக ஒன்று இருந்தது. அப்புறம், மேட்டி போகும் ஃபோர்ட் ஸ்மித் நீதிமன்றம் கற்பனை இல்லை. நீதிபதி பார்க்கர் அங்கே 79 பேரைத் தூக்குக்கு அனுப்பியவர், பெல் ஸ்டார் என்ற பேர்போன கொள்ளைக்காரிக்கு 1883இல் குதிரைத் திருட்டுக்குச் சிறை கொடுத்தவரும் அவரே.

முள்ளுக்காடு:
மூவருக்கும் நன்றி. கடன்சீட்டு விஷயம் கேட்டதுமே மனசு போய்விட்டது, இன்று இரவே 'ஃபியூரிஸ்'. சமீபத்திய நாவல் ஏதாவது உண்டா?

ஊர்க்குருவி:
கில் ஆடம்சனின் 'தி அவுட்லேண்டர்', 2007. கனடாவில் 1903இல் நடக்கிறது. 19 வயதுப் பெண், புருஷனைத் தானே சுட்டுக் கொன்றுவிட்டு மலைக்காட்டுக்குள் ஓடுகிறாள், அவனுடைய இரட்டைச் சகோதரர்கள் துப்பாக்கியோடு துரத்துகிறார்கள். ஏன் கொன்றாள் என்பதை ஆசிரியர் அவசரப்பட்டுச் சொல்லி நம் இரக்கத்தைக் கேட்பதில்லை, அதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. அந்த வருடம் ஃபிராங்க் என்ற சுரங்க ஊர்மேல் நிஜமாகவே சரிந்த மலையும் கதைக்குள் வருகிறது. முதல் ஐம்பது பக்கம் மெதுவாகப் போகும், விட்டுவிடாதீர்கள்.