புரூக்ளின் எட்டாவது அவென்யூவில் இருந்த நார்வேக்காரர்கள் எங்கே போனார்கள்?

சன்செட் பார்க் புதுவரவு கேட்டது:

வணக்கம். சமீபத்தில்தான் நியூயார்க் புரூக்ளினில் சன்செட் பார்க்குக்குக் குடிவந்தோம். வீடு எட்டாவது அவென்யூவுக்குப் பக்கத்தில். மீன், காய்கறி வாங்க இறங்கினால் கடைப் பலகைகள் எல்லாம் சீன எழுத்தில்தான் இருக்கின்றன. ஆனால் கீழ்த்தளத்தில் இருக்கும் பெரியவர் இதே தெருவை ‘லாப்ஸ்கவுஸ் புலிவார்ட்’ என்கிறார். லாப்ஸ்கவுஸ் என்பது இறைச்சியும் உருளைக்கிழங்கும் சேர்த்து வேகவைக்கும் நார்வே குழம்பாம். அவர் சின்னப் பையனாக இருந்தபோது கடைக்குக் கடை நார்வேஜியன் மொழிதான் கேட்குமாம்.

67-வது தெருப் பக்கம் நடந்தால் லீஃப் எரிக்சன் என்ற பழைய வைக்கிங் கடலோடி பெயரில் பூங்கா, அதில் ரூன் எனப்படும் பழைய வட ஐரோப்பிய எழுத்துகள் செதுக்கிய ஒரு கல். இணையத்தில் தேடினால் ‘வந்தார்கள், கலந்துவிட்டார்கள்’ என்ற அளவில்தான் கிடைக்கிறது. மகள் பள்ளியில் எங்கள் பேட்டையின் வரலாறு பற்றி எழுதச் சொல்லியிருக்கிறார்கள். இவ்வளவு பேர் ஏன் இங்கே வந்தார்கள், என்ன வேலை செய்தார்கள், அப்புறம் ஏன் போனார்கள்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பே ரிட்ஜ் நர்ஸ் எழுதியது:

தம்பி, நான் ஓய்வு பெறும்வரை 55-வது தெருவில் இருக்கும் மருத்துவமனையில் நர்ஸாக வேலை பார்த்தேன். இப்போது அது என்ஒய்யூ லாங்கோன். நான் சேர்ந்தபோது லூத்தரன் மெடிக்கல் சென்டர். அதை ஆரம்பித்ததே ஒரு நார்வேக்காரப் பெண்மணி. அதனால் இந்தக் கேள்விக்கு என்னால் சுருக்கமாகப் பதில் எழுத முடியாது.

முதலில் ஏன் புரூக்ளின் என்பதற்கு வருகிறேன். துறைமுகம்தான் காரணம். 19-ம் நூற்றாண்டின் கடைசியில் நார்வேயின் வணிகக் கப்பல் கூட்டம் உலகிலேயே பெரியவற்றில் ஒன்று. அந்தக் கப்பல்கள் புரூக்ளினின் துறைமுகப் பகுதியான ரெட் ஹுக் கரைக்கு வரும். இங்கே சம்பளம் அதிகம் என்று தெரிந்ததும் மாலுமிகள் கப்பலை விட்டு இறங்கி ஊருக்குள் தங்கிவிடுவார்கள். மினசோட்டாவுக்கும் டகோட்டாவுக்கும் போன நார்வேக்காரர்கள் நிலம் தேடிப் போன விவசாயிகள். புரூக்ளினுக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் நார்வேயின் தெற்குக் கரையிலிருந்து வந்த கடல்காரர்கள், தச்சர்கள். கப்பல் பழுதுபார்ப்பது, படகுத்துறைக்கு மரத்தூண் இறக்குவது, வீடு கட்டுவது, இழுவைப் படகு ஓட்டுவது எல்லாம் அவர்கள் கையில் இருந்தது. 1915-ல் நான்காவது அவென்யூ சுரங்க ரயில் வந்த பிறகு ரெட் ஹுக்கிலிருந்து தெற்கே சன்செட் பார்க், பே ரிட்ஜ் என்று குடியிருப்பும் நகர்ந்தது. 1930 வாக்கில் நியூயார்க் நகரில் அவர்களும் இங்கே பிறந்த பிள்ளைகளுமாக 60,000-க்கு மேல் இருந்தார்கள்.

எல்லாருக்கும் நல்ல வாழ்வு கிடைக்கவில்லை என்பதையும் உங்கள் மகள் எழுத வேண்டும். பெரும் பொருளாதார வீழ்ச்சியின்போது வேலை இழந்த நார்வே மாலுமிகள் ரெட் ஹுக் குப்பைமேட்டில் தகரத்தாலும் பலகையாலும் குடிசை போட்டு வாழ்ந்தார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த ஆள் எலிசபெத் ஃபெட்டே. லூத்தரன் டீக்கனஸ், அதாவது நர்ஸ் பயிற்சி பெற்ற சமயத் தொண்டர். 1883-ல் தனியாகக் கப்பலேறி வந்தார். வந்ததும் ரெட் ஹுக்கின் விடுதிகளிலும் சந்துகளிலும் காய்ச்சலோடு கிடந்த மாலுமிகளை வீடு வீடாகத் தேடிப்போய்ப் பார்த்தார். சமையல், சவ அடக்கம், கடிதம் எழுதுவது, யாரிடமாவது போய்ப் பணம் கேட்பது என்று எதையும் விடவில்லை. 1885-ல் ஒன்பது படுக்கைகளோடு ஒரு சின்ன மருத்துவமனை திறந்தார். சில வருடத்தில் அது 46-வது தெருவுக்குப் பெரிதாக வந்தது. 1896-ல் ஊருக்குத் திரும்பி, திருமணம் செய்துகொண்டு அங்கேயே வாழ்ந்தார். இங்கே பதின்மூன்று வருடம்தான் இருந்தார். அவர் போட்ட அஸ்திவாரத்தின் மேல்தான் நானும் இத்தனை காலம் சம்பளம் வாங்கினேன். சன்செட் பார்க்கில் இன்றைக்கு எந்தக் குழந்தைக்குக் காய்ச்சல் என்றாலும் அங்கேதான் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். நாளிதழ், விழா, சிலை எல்லாவற்றையும்விட இதைத்தான் அந்தச் சமூகம் விட்டுப்போன பெரிய சொத்தாக நான் நினைக்கிறேன்.

1977-ல் மருத்துவமனை ஒரு பழைய தொழிற்சாலைக் கட்டடத்துக்கு மாறியது. அங்கிருந்து கடற்கரை கூப்பிடு தூரம். என் வார்டில் ஒரு முறை வயதான தூண் இறக்கும் தொழிலாளி ஒருவர் இருந்தார். ஜன்னல் பக்கம் நாற்காலியைப் போடச் சொல்லி, எந்தத் துறையை எந்தக் குளிர்காலத்தில் தன் கூட்டம் கட்டியது என்று விரலால் காட்டிக்கொண்டே இருப்பார். பகலில் ஆங்கிலம், ராத்திரி தூக்கத்தில் நார்வேஜியன். இன்னொரு அம்மா பதினெட்டு வயதில் வந்து மன்ஹாட்டனில் பணக்காரர் வீட்டில் வேலைக்குச் சேர்ந்தவர். வியாழக்கிழமை மதியம்தான் விடுப்பாம். அன்றைக்கு புரூக்ளின் தேவாலயக் கூடத்தில் எல்லா வீட்டுவேலைப் பெண்களும் கூடுவார்களாம். கணவரை அங்கேதான் பார்த்தாராம்.

இனி ஏன் போனார்கள் என்பது. ‘கலந்துவிட்டார்கள்’ என்பது பாதி உண்மைதான். 1924-ல் அமெரிக்கக் குடியேற்றச் சட்டம் வந்து ஆள்வரத்தைக் குறைத்தது. 1929-லிருந்து நார்வேக்கு வருடத்துக்கு 2,377 பேர் என்று வரம்பு கட்டினார்கள். இருந்தும் போருக்குப் பிறகு இன்னொரு அலை வந்தது. அவர்களை அசைத்தது நெடுஞ்சாலைதான் என்பது என் எண்ணம். 1941-ல் நகரின் சாலைத் திட்டங்களை நடத்திய அதிகாரி ராபர்ட் மோசஸ் மூன்றாவது அவென்யூவின் மேல் கோவானஸ் என்ற உயர்மட்டச் சாலையைக் கட்டினார். கீழே இருந்த கடைத்தெரு இருட்டாகிச் செத்தது. அதற்கப்புறம் ஸ்டேட்டன் ஐலண்டுக்குப் போகும் வெரசானோ பாலத்துக்கு வழி விட பே ரிட்ஜில் வீடு வீடாக இடித்தார்கள், சுமார் 7,000 பேர் வெளியேற்றப்பட்டார்கள். 1964-ல் பாலம் திறந்தது. வீட்டைத் தன் கையாலேயே கட்டிய தச்சரிடம் அந்த வீட்டையே காலி செய்யச் சொன்னால் எப்படி இருக்கும்? இதை நினைத்தால் இன்றைக்கும் மனசு ஆறவில்லை. அதே காலத்தில் சரக்கைப் பெரிய பெட்டிகளில் ஏற்றும் கன்டெய்னர் முறை வந்து, கப்பல்கள் நியூஜெர்சிக்குப் போயின. துறைமுக வேலையும் போயிற்று.

ஸ்டேட்டன் ஐலண்ட்காரன் எழுதியது:

நர்ஸ் அம்மா, நெடுஞ்சாலை மேல் ரொம்பப் பழி போடுகிறீர்கள் என்று தோன்றுகிறது. பாலம் இல்லாவிட்டாலும் பிள்ளைகள் போயிருப்பார்கள். படித்தார்கள், கார் வாங்கினார்கள், தோட்டத்தோடு வீடு வேண்டும் என்று ஸ்டேட்டன் ஐலண்ட், நியூஜெர்சி, லாங் ஐலண்ட் போனார்கள். இத்தாலியர்களும் ஐரிஷ்காரர்களும் அப்படித்தானே? என் தெருவிலேயே நார்வே கொடி வைத்த வீடுகள் இருக்கின்றன. யாரும் அவர்களைத் துரத்தவில்லை.

லிஸ்தா தமிழன் எழுதியது:

வணக்கம் அக்கா, தம்பி. நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து இப்ப நார்வேயின் தெற்கில் ஃபார்சுண்ட் பக்கம் இருக்கிறேன். நீங்கள் தேடுகிற ஆட்களில் கொஞ்சப் பேர் இங்கேதான் இருக்கினம்!

புரூக்ளினுக்குப் போனவர்களில் நிறையப் பேர் லிஸ்தா, க்வினெஸ்டால் பகுதிக்காரர். அக்கா சொன்ன ஃபெட்டேயின் ஊரும் இந்தப் பக்கம்தான். பத்துப் பதினைந்து வருசம் உழைத்துவிட்டு, பிள்ளைகளோடு திரும்பி வந்தவர்கள் ஏராளம். பிறகு 1969-ல் எண்ணெய் கண்டுபிடித்தார்கள், ஊரிலேயே வேலை கிடைத்தது. பிறகு ஏன் அங்கே போக வேணும்? வான்சே என்ற சின்ன ஊரில் ‘புரூக்ளின் ஸ்கொயர்’ என்றே ஒரு சதுக்கம் இருக்கிறது. கோடையில் அமெரிக்க விழா நடக்கும், பழைய அமெரிக்கக் கார்கள் வரிசையாக வரும். அமெரிக்க சோஷியல் செக்யூரிட்டி ஓய்வூதியம் இந்த ஊர்களுக்கு இன்றும் வருகிறது. என் பக்கத்து வீட்டு ஐயா எட்டாவது அவென்யூவில் வளர்ந்தவர். புலம்பெயர்ந்தவன் என்று தெரிந்ததும் என்னை முதலில் கோப்பிக்குக் கூப்பிட்டவர் அவர்தான். இரண்டு ஊரும் தன்னுடையது என்பார். அந்தக் கதையை விளங்கப்படுத்தத் தேவையில்லாத ஆளிடம் கதைக்கிறது பெரிய ஆறுதல்.

பே ரிட்ஜ் நர்ஸ் எழுதியது:

லிஸ்தா தம்பி, நல்ல செய்தி சொன்னீர்கள். என் நோயாளிகளில் சிலருடைய தங்கை, தம்பி எல்லாம் ஊர் திரும்பினார்கள் என்று கேட்டிருக்கிறேன், இவ்வளவு பேர் என்று தெரியாது.

ஸ்டேட்டன் ஐலண்ட் தம்பி, பிள்ளைகள் தாமாகத்தான் போனார்கள், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பெற்றவர்கள் அப்படிப் போகவில்லை. நான் பார்த்த முதியவர்கள் தெருவை விட்டுப் போகவே விரும்பாதவர்கள். பேக்கரி, தேவாலயம், நடந்துபோகும் தூரத்தில் பேச்சுத்துணை, இவை மூன்றும் இருந்தால் போதும் அவர்களுக்கு. இடிபட்டது அந்த நடைதூரம்தான்.

சன்செட் பார்க் புதுவரவு எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. இவ்வளவு கிடைக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. மகளை நேரில் கூட்டிப்போய்க் காட்ட இன்னும் ஏதாவது மிஞ்சியிருக்கிறதா?

பே ரிட்ஜ் நர்ஸ் எழுதியது:

இருக்கிறது. நீங்கள் பார்த்த ரூன் கல்லை 1939-ல் பட்டத்து இளவரசர் ஓலாவ் வந்து திறந்துவைத்தார். நார்வேயில் இருக்கும் டூனெ கல் என்ற பழைய ரூன் கல்லின் நகல் அது. 1911-ல் ஆரம்பித்த யோவா விளையாட்டு மன்றம் 62-வது தெருவில். எல்லா நாட்டுப் பிள்ளைகளும் அங்கே கால்பந்து ஆடுகிறார்கள், உங்கள் மகளையும் சேர்க்கலாம்.

முக்கியமாக, மே 17-ஐ விடாதீர்கள். 1814-ல் அரசியலமைப்பில் கையெழுத்திட்ட நாள். அதை ஒட்டிய ஞாயிறு பே ரிட்ஜில் ஊர்வலம் வரும். ஒவ்வொரு வட்டாரத்துக்கும் தனியாக பூனாட் என்ற பாரம்பரிய உடை, மார்பில் வெள்ளிப் பதக்கம், பித்தளை வாத்தியம். வெளியூர் போன குடும்பங்கள் அன்றைக்குத் திரும்பி வரும். பூங்காவில்தான் முடியும், சீக்கிரம் போய் முன்வரிசையில் நில்லுங்கள். வயதானவர்கள் காரில் உட்கார்ந்து கையசைத்துக்கொண்டு வருவார்கள். முடிந்ததும் மகளை அவர்களிடம் பேசவிடுங்கள், கேட்டால் மணிக்கணக்கில் சொல்வார்கள்.

லிஸ்தா தமிழன் எழுதியது:

தம்பி, மகளுக்கு வான்சேயின் படங்கள் தேவை என்றால் இந்த வார இறுதியில் எடுத்து இங்கேயே போடுகிறேன். பக்கத்து வீட்டு ஐயாவிடமும் கேட்டுப் பார்க்கிறேன். எட்டாவது அவென்யூவில் எந்தெந்தக் கடை எங்கே இருந்தது என்று வரைந்து தர அவருக்கு விருப்பமாக இருக்கும்.