கில்மோர் சோலோ: பிக் மஃப் இருந்தும் அந்த டோன் ஏன் வரலை?

கேள்வி: நெக்பிக்கப் (பயனர் பெயர்)

பிங்க் ஃபிளாய்ட் இசைக்குழுவோட கிட்டாரிஸ்ட் டேவிட் கில்மோர் வாசிச்ச 'அனதர் பிரிக் இன் த வால், பார்ட் 2' சோலோ பழகிட்டு இருக்கேன். பழைய மாடல் ஸ்ட்ராட் (ஃபெண்டர் ஸ்ட்ராடோகாஸ்டர் கிட்டார், விரல் பலகையோட வளைவு 7.25 அங்குல ரேடியஸ்), 9-42 தந்தி செட் (மெல்லிசு), 15 வாட் ஆம்ப். சத்தத்தை உடைக்கிற டிரைவ் சேனல்ல பிக் மஃப்ங்கிற ஃபஸ் (கரகரப்பு) பெடல், அதோட சஸ்டெயின் குமிழ் முழுசா. தனியா வாசிச்சா கனமா இருக்கு, பேக்கிங் டிராக் ஓட விட்டதும் கிட்டார் காணாமப் போயிடுது. பெரிய பென்ட்ல (தந்தியைத் தள்ளி சுருதியை ஏத்துறது) நோட் பாதியிலேயே செத்துடுது, சுருதியும் எட்ட மாட்டேங்குது. லெஸ் பால் (கிப்சன் கிட்டார்) வாங்கினாத்தான் வருமா?

பதில்: கம்ப்ரஸர் (பயனர் பெயர்)

முதல்ல மஃப்பைக் கழட்டி வைங்க. கில்மோர் அந்த சோலோவை வாசிச்சது பி-90 வகை பிக்கப் (தந்தி அதிர்வைப் பிடிக்கிற காந்தச் சுருள்) உள்ள 1955 கோல்டுடாப் லெஸ் பால்ல. கிட்டாரை நேரா மிக்ஸிங் டெஸ்க்ல கொடுத்து, கம்ப்ரஸ் பண்ணிப் பதிவு செஞ்சு, அப்புறம் அந்தப் பதிவையே ஒரு ஆம்ப் வழியா ஓட்டினாங்க. அதான் பிக் படுற சத்தம்கூட அவ்வளவு துல்லியமா கேட்குது. அதுக்கு மேல ஃபஸ் போட்டா அந்தத் துல்லியம்தான் முதல்ல போகும்.

ஸ்ட்ராட்லயே கிட்டத்தட்ட கொண்டுவரலாம். கழுத்துப் பக்கம் இருக்கிற நெக் பிக்கப், ஆம்ப்ல க்ளீன் (சத்தம் உடையாத) சேனல். கம்ப்ரஸர் (சத்த ஏற்ற இறக்கத்தைச் சமன் பண்றது) முதல்ல, பிறகு கெயின் (உடைப்பு அளவு) கம்மியா ஒரு ஓவர்டிரைவ் (லேசா உடைக்கிற பெடல்), கடைசியில டிலே (எதிரொலி). மெதுவா பிக் பண்ணா க்ளீனா இருக்கணும், அழுத்தினா மட்டும் லேசா உடையணும். கெயின் அந்த இடத்துல நிக்கட்டும். பி-90க்கு மிட் (நடு அலைவரிசை) அதிகம், அதனால ஆம்ப்ல பேஸ் 4, மிட் 7, டிரெபிள் 5ல இருந்து ஆரம்பிங்க. டிலேக்கு 60,000ஐ டெம்போவால் (நிமிஷத்துக்கு எத்தனை பீட்) வகுத்து முக்கால் பங்கு எடுங்க: 104க்கு சுமார் 433 மில்லிசெகண்ட். மிக்ஸ் 20 சதவீதம் தாண்ட வேண்டாம்.

பதில்: மூணாம்விரல்

நோட் சாகுறதுக்கு டோன் காரணமே இல்லை. 7.25 ரேடியஸ்ல ஃப்ரெட்போர்டு (விரல் பலகை) நல்லா வளைஞ்சிருக்கும். தந்தியை நடுப்பக்கம் தள்ளும்போது அது மேட்டுல ஏறி, மேல இருக்கிற ஃப்ரெட்டை (குறுக்கே பதிச்ச உலோகக் கம்பி) உரசி நின்னுடும். 17ஆம் ஃப்ரெட்ல முதல் தந்தியோட உயரத்தை அளந்து பாருங்க, 1.6 மி.மீ. அல்லது அதுக்குக் கீழ இருந்தா 2 மி.மீ. வரை ஏத்துங்க. நெக் பிக்கப்பையும் கொஞ்சம் இறக்கிடுங்க, காந்தம் பக்கத்துல இருந்தா சஸ்டெயினையும் சுருதியையும் கெடுக்கும்.

பென்ட் பழக: 2ஆம் தந்தி 15ஆம் ஃப்ரெட்ல வர்ற நோட் டி. முதல்ல 17ஐயும் (ஈ) 18ஐயும் (எஃப்) வாசிச்சு காதுல வாங்கிக்கோங்க. அப்புறம் 15ல இருந்து ஈ வரை தள்ளி நிறுத்துங்க, அங்கிருந்து திரும்பப் பிக் பண்ணாம எஃப்புக்கு ஏத்துங்க. மோதிர விரல் தள்ளும்போது நடுவிரலும் ஆள்காட்டியும் பின்னால முட்டுக் கொடுக்கணும், மணிக்கட்டு சுழலணும். விரல் பலத்துல மட்டும் தள்ளினா அரை சுருதி குறைவாத்தான் நிக்கும். நோட் சரியா நின்ன பிறகுதான் விப்ராட்டோ (சுருதியை லேசா ஆட்டுறது). சுருதி எட்டுறதுக்கு முன்னாடியே ஆட்ட ஆரம்பிச்சா தப்பு மறைஞ்சிடும், திருந்தாது.

நெக்பிக்கப்

ஆக்‌ஷனை (தந்தி உயரத்தை) ஏத்தினதும் நோட் நிக்குது, நன்றி. ஆனா எஃப்புக்குப் போக ரொம்ப தூரம் தள்ள வேண்டியிருக்கு. பிரிட்ஜ் (தந்தி மாட்டியிருக்கிற பாகம்) உடம்பைத் தொடாம மிதக்குற மாதிரி வெச்சிருக்கேன், அதுவா காரணம்?

பதில்: மூணாம்விரல்

அதேதான். நீங்க தள்ளத் தள்ள பிரிட்ஜ் முன்னால சாயுது, சுருதி இறங்குது, அதை ஈடுகட்ட இன்னும் தள்ளுறீங்க. பின்பக்கம் ஸ்பிரிங் பிடிச்சிருக்கிற ரெண்டு திருகையும் சமமா உள்ள முடுக்கி, பிரிட்ஜ் உடம்புல உட்காரும்படி பண்ணுங்க. பென்ட் பண்ணும்போதும் பிரிட்ஜ் எழும்பினா இன்னொரு ஸ்பிரிங் சேருங்க. டிரெமோலோ பார் (பிரிட்ஜை அசைச்சு சுருதியை ஆட்டுற கம்பி) கீழே அழுத்த மட்டும் வேலை செய்யும், கில்மோரோட விப்ராட்டோவுக்கு அது போதும்.

தந்தி 9லயே இருக்கட்டும். கில்மோர் ஸ்ட்ராட்ல போடுறது 10-48, ஆனா நீங்க அங்க போறது பென்ட் சுருதி கைக்குப் பழகின பிறகு.

பதில்: ஹைவாட்100

மஃப்பை வித்துடாதீங்க. பிங்க் ஃபிளாய்டோட 'கம்ஃபர்டப்ளி நம்' பாட்டுல ரெண்டாவது சோலோவுக்கு அதுதான் வேணும். மஃப் தானே மிட்டை வெட்டுற பெடல். கில்மோர் அதை ஹைவாட் மாதிரி சத்தமா இருந்தும் க்ளீனா நிக்கிற ஆம்ப்ல விட்டார். உங்க 15 வாட்லயும் க்ளீன் சேனல், சஸ்டெயின் பாதிக்கு மேல கொஞ்சம், டோன் குமிழ் (கடிகார முள் கணக்குல) 11 மணிக்குக் கீழ. மஃப்புக்கு அப்புறம் மிட் தூக்குற ஓவர்டிரைவை கெயின் பூஜ்யம், லெவல் அதிகம்னு வெச்சா பேக்கிங் டிராக்குக்கு மேல கிட்டார் தனியா கேட்கும்.