ஐப்பசித் தரவையில் ஒரு பகல்: நடந்தவர்கள் சொல்லுங்கள்

பட்டிக்காரர் மருமகன் எழுதியது:

போன ஐப்பசியில் தாய்மாமாவின் மாட்டுப்பட்டியோடு ஒரு நாள் முழுக்க நடந்தேன். திரும்பி வந்து சொன்னால் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: "ஆனை வந்ததா?" வந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன். அன்று நடந்தவற்றில் ஆகச் சின்ன விஷயம் அதுதான்.

வெளியூர்க்காரர்களுக்கு ஒரு விளக்கம். தரவை என்றால் எங்கள் பக்கத்தில் மரம் குறைந்த, புல் மூடிய பெருவெளி. கோடையில் வெடித்துக் கிடக்கும், மாரியில் பாதி தண்ணீருக்குள் கிடக்கும். மட்டக்களப்பில், கிரானில் இருந்து புலிபாய்ந்தகல் தாண்டி மேற்கே குடும்பிமலைப் பக்கம் போனால் வயல், பற்றைக்காடு, தரவை என்று மாறி மாறி வரும். போர்க்காலத்தில் என் வயதுக்காரர்கள் பெயரைக் கேட்டதோடு சரி, கால் வைத்ததில்லை.

பெரும்போகத்துக்கு, அதாவது மாரி நெல்லுக்கு, விதைப்புத் தொடங்கினால் வயல் பக்கம் மாடு நிற்கக்கூடாது. போகத்துக்கு முன் விவசாயிகள் கூடுகிற ஆரம்பக் கூட்டத்தில் விதைக்கிற திகதியைக் குறிக்கும்போதே மாடு அகற்றுகிற திகதியையும் குறித்துவிடுவார்கள். அதற்குப் பிறகு வயலில் வாய் வைத்தால் கட்டாக்காலி மாடு என்று பிடித்துக் கட்டி, தண்டம் கேட்பார்கள். ஆகவே வருடா வருடம் இந்த நேரம் பட்டிகள் மேற்கே போகும். அன்று நாங்கள் மூன்று பேர்: மாமா, அவருடைய மகன், நான். 64 மாடுகள், கன்றுகள் தனி. ஒரு நாய்.

நான் கந்தோர் வேலைக்காரன். புதுச் சப்பாத்து, ஜிப் வைத்த மழைக்கோட்டு, கைபேசியில் வானிலைச் செயலி என்று ஆயத்தமாகப் போனேன். செயலி அன்றைக்குச் சூரியன் படம் போட்டிருந்தது. மாமா சாரத்தை மடித்துக் கட்டி, ஒரு வெறும் உரப்பையை ஒரு மூலையை உள்ளே தள்ளிக் கொங்காணியாக மடித்துத் தோளில் போட்டிருந்தார். என்னைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வெள்ளாப்போட கிளம்பினோம். புல்லில் பனி. கொஞ்சம் வெளித்ததும் குடும்பிமலை தெரிந்தது. சிங்களத்தில் அதற்குத் தொப்பிகல என்று பெயர், ஆங்கிலேயர் வைத்த பெயரிலும் தொப்பிதான். நமக்கு மட்டும் குடும்பி. 500 மீட்டருக்குச் சற்று மேலான மலைதான், ஆனால் சுற்றிலும் தட்டை நிலம் என்பதால் நாள் முழுக்க அது நம்மோடு கூடவே வருகிற மாதிரி இருக்கும். நடந்து நடந்து பார்த்தாலும் கிட்டே வராது.

ஒன்பது மணிக்கு வெயில் ஏறிவிட்டது. நிழல் கிடையாது. பத்தரை போல ஒரு துண்டு முகில் தலைக்கு மேலே வந்து, வெயில் அடிக்க அடிக்கவே பத்து நிமிடம் தூறியது. நரிக்குக் கலியாணம் என்று மச்சான் சிரித்தான். நான் அவசரமாக மழைக்கோட்டைப் போட்டேன். மழை போய்விட்டது, உள்ளே வியர்வையில் நனைந்துவிட்டேன். கழற்றினால் மறுபடி தூறல். இப்படி மூன்று முறை. நான்காவது முறை அதைச் சுருட்டிப் பைக்குள் வைத்துவிட்டுச் சும்மா நனைந்தேன்.

பகல் ஒரு மணிக்குப் பிறகுதான் விஷயம். அதுவரை முதுகில் பட்டுக்கொண்டிருந்த கடற்காற்று சட்டென்று நின்றது. தும்பிகள் முழங்கால் உயரத்தில் பறந்தன. முன்னால் போன பசு மேய்ச்சலை விட்டுத் தலையைத் தூக்கி மேற்கே பார்த்தது. மாமா பசுவைப் பார்த்தார், பிறகுதான் வானத்தைப் பார்த்தார்.

"காத்து நிண்டுத்து. இனி வரும்."

தென்மேற்கில் இருந்து வருகிற கச்சான் காற்று ஓய்ந்து, வடகிழக்கு வாடை இன்னும் பிடிக்காத இந்த இடைக்காலம்தான் இடிக்குப் பேர்போனது. காலையில் வெயில் நிலத்தைச் சுட வைக்கும், கடலில் இருந்து ஈரக்காற்று உள்ளே வரும், பின்னேரம் உள்நாட்டுப் பக்கம் முகில் கோபுரமாக எழும்பும். கார்த்திகை கடைசியில் வருகிற வாடை மழை வேறு, அது நாள் கணக்காக நின்று பெய்யும், ஆளை அலுப்பாக்கும். ஐப்பசி மழை அப்படியில்லை, வருகிற வழியிலேயே அடித்துக்கொண்டு வரும்.

மேற்கில் இருந்து குளிர்காற்று முகத்தில் அறைந்தது. மலை மறைந்துவிட்டது. ஒரு மின்னல், நான் எண்ணினேன், ஒன்பது விநாடிக்குப் பிறகு இடி. மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர் என்று வைத்தால் மூன்று கிலோமீட்டர். அடுத்தது ஐந்து விநாடி. கொஞ்சத் தூரத்தில் தனியாக ஒரு பெரிய விளாமரம் நின்றது. மாடுகளில் பாதி அதை நோக்கித் திரும்பின. நானும் திரும்பினேன்.

"மரத்தடிக்குப் போகாத மகன்! மாட்டத் திருப்புங்கடா!"

மாமா அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. நாயும் மச்சானும் ஓடிப்போய் மாடுகளைக் கலைத்தார்கள். எங்களை ஒரு பள்ளமான இடத்துக்குக் கூட்டிப்போய், ஆளுக்கு ஆள் இருபது அடி தள்ளி, பாதம் இரண்டையும் சேர்த்துக் குந்தச் சொன்னார். படுக்க விடவில்லை. கோடரியைத் தூர வீசிவிட்டு வந்தார். சின்ன வயதில் ஒரே மரத்தடியில் ஏழு மாடுகளை ஒரு மின்னலுக்குக் கொடுத்தவர் அவர். மரத்தில் விழுவது நிலத்தில் பரவும்போது, முன்காலுக்கும் பின்காலுக்கும் இடைவெளி அதிகமாக இருக்கிற மாட்டுக்குள்ளால் போகும். மனிதனைவிட மாடு அதிகமாகச் சாவது அதனால்தான். இது நான் பிறகு படித்தது. அவர் படிக்கவில்லை, ஏழு கிடங்கு வெட்டியவர். கோடரி மின்னலை இழுக்காது, வெளியில் உயர்ந்து நிற்பதுதான் ஆபத்து என்று பிறகு ஒரு நாள் சொல்லிப் பார்த்தேன். ஒப்புக்கொள்ளவில்லை.

அந்த நாற்பது நிமிடத்தைப் பற்றி அதிகம் சொல்ல என்னிடம் இல்லை. கண்ணை மூடினாலும் வெளிச்சம் தெரிந்தது. மின்னலும் இடியும் ஒன்றாகவே வந்த ஒரு தடவை, பல்லுக்குள் ஏதோ இரும்புச் சுவை. விளாமரத்தில் விழவில்லை. எங்கே விழுந்தது என்றும் தெரியாது.

மழை விட்டதும் முடிந்தது என்று நினைத்தேன். காலையில் செருப்பு நனையாமல் கடக்கக்கூடிய ஓடை ஒன்று வழியில் இருந்தது. இப்போது மண்ணிறத்தில் நெஞ்சளவு ஓடிக்கொண்டிருந்தது. மாமா ஒரு குச்சியை ஒடித்துத் தண்ணீர் விளிம்பில் குத்திவிட்டு, சீனியைக் கையில் நக்கிக்கொண்டு தேத்தண்ணீர்ப் போத்தலைத் திறந்தார். அரை மணிக்கு ஒருமுறை குச்சியைப் பார்ப்பார். தண்ணீர் குச்சிக்கு மேலே ஏறியது, நின்றது, ஒரு சாண் இறங்கியது. மூன்று மணி நேரம். எனக்குப் பொறுமை போய்விட்டது, அவருக்கு அப்படி ஒன்று இருந்த மாதிரியே தெரியவில்லை. கடைசியில் முன்பசுவை இறக்கினார்கள், அதன் பின்னால் மற்றவை, கன்றுகளைக் கழுத்தோடு பிடித்துக்கொண்டு நாங்கள். இடது காலின் சப்பாத்தைச் சேறு வாங்கிக்கொண்டது.

ஆனை: பொழுது மங்கும் நேரம் வழியில் ஒரு அலியன் நின்றது. நாய் சத்தம் போடாமல் மாமாவின் காலுக்குள் வந்துவிட்டது. காற்று எந்தப் பக்கம் என்று பார்த்து, பெரிதாகச் சுற்றிப் போனோம். யானைவெடி கையில் இருந்தது, கொளுத்தவில்லை. அது புல்லைப் பிடுங்கி முழங்காலில் தட்டி மண் உதிர்த்துத் தின்றுகொண்டே இருந்தது. அவ்வளவுதான்.

பட்டிக்காரர் தங்குகிற வாடிக்கு வந்து சேரும்போது இருட்டு. கறந்த சூட்டோடு பால் காய்ச்சித் தந்தார்கள். கைபேசியை எடுத்துப் பார்த்தேன், ஷொப்பிங் பைக்குள் இருந்ததால் தப்பியிருந்தது. செயலியில் இன்னமும் சூரியன்.

சரி, தரவையில் நடந்தவர்கள் எழுதுங்கள்.

படுவான்கரை ரீச்சர் எழுதியது:

தம்பி, இடி பயம்தான், ஆனால் எனக்கு அதைவிடப் பயம் திசை தவறுவது. மண்முனைப் பாலம் 2014இல் திறக்கும் முன் நான் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் படிப்பித்தவள். காலையில் வாவியைக் கடந்து போய், மாலையில் திரும்ப வேண்டும். ஒரு ஐப்பசி நாள், மழை விட்டதும் பஸ்ஸைக் காத்திருக்காமல் கொக்கட்டிச்சோலைப் பக்கம் குறுக்கே நடக்கலாம் என்று கிளம்பினேன். காலையில் ஒற்றையடிப் பாதை இருந்தது. இப்போது முழுக்க ஒரே தண்ணீர்த் தகடு. பாதை எது, வரம்பு எது, ஓடை எது, ஒன்றும் தெரியவில்லை. வானம் கீழே இறங்கிய மாதிரி புகாராக இருந்தது.

தான்தோன்றீஸ்வரர் கோயில் மணி கேட்டது. சரி, அந்தப் பக்கம் என்று நடந்தேன். காற்று மாறியது, மணி வேறு பக்கத்தில் கேட்டது. திரும்பினேன். மறுகா ஒன்றுமே கேட்கவில்லை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நின்று அழுதேன், பொய் சொல்ல மாட்டேன். அப்போது ஒரு வயற்காரர், தோளில் மண்வெட்டி, பின்னால் இருந்து வந்தார். "என்ன கா புள்ள, குளத்துக்க போறா?" என்றார். இன்னும் முப்பது நாற்பது அடி நடந்திருந்தால் குளத்துக்குள்தான் இறங்கியிருப்பேன். அவர் முன்னால் நடந்தார், அவர் கால் வைத்த இடத்தில் நான் கால் வைத்தேன். வீதி வந்ததும் அவர் கிறுகிப் போய்விட்டார். பெயர் கேட்க அயத்துப்போச்சு.

அக்கரைப்பற்று மாட்டுக்காரன் எழுதியது:

நடந்த கதை இல்லை, நடக்க முடியாமல் நின்ற கதை. 2011 தை வெள்ளம். வாப்பாவோடு பட்டிக்குப் போனவன், வெளியில் தண்ணீர் கூடி ஒரு மேட்டுத் திட்டில் மாட்டிக்கொண்டோம். திட்டு எங்கட வீட்டு முற்றத்தைவிடச் சின்னது. ஒரு ராத்திரியும் அடுத்த நாள் பகலும். மாடுகள் கொஞ்சம், நாங்கள் இரண்டு பேர், ஒரு முயல், ஒரு உடும்பு. விடியும்போது பார்த்தால் பற்றைக்குள் கண்ணாடிப் புடையன் இரண்டு சுருண்டு கிடக்கின்றன. நான் தடியைத் தூக்கினேன். வாப்பா கையைப் பிடித்தார். "அதுக்கும் போக இடமில்ல மகன், நீ ஏன் தடியத் தூக்கிறாய்" என்றார். கடைசி வரைக்கும் அவை அசையவில்லை, நாங்களும் அந்தப் பக்கம் போகவில்லை. முயல் மட்டும் என் காலடியிலேயே நடுங்கிக்கொண்டு கிடந்தது. தோணி வந்து நாங்கள் ஏறும்போது அதைத் தூக்கிப் போடலாம் என்று குனிந்தேன். கடித்துவிட்டு ஓடியது. இரண்டு புடையன் சும்மா இருக்க, முயல் கடித்த ஆள் நான்தான்.

உகந்தை வழிப்போக்கன் எழுதியது:

என்னுடையது ஆடி மாதம், அதனால் இங்கே சேருமோ தெரியாது. கதிர்காமப் பாதயாத்திரையில் உகந்தை முருகன் கோயிலில் இருந்து காட்டுக்குள் இறங்கி, கூமுனை தாண்டிக் கும்புக்கன் ஆற்றுப் பக்கம் போகும்போது, கச்சான் காற்று உடம்பில் இருந்த ஈரத்தை எல்லாம் உறிஞ்சிவிட்டது. அப்போது ஆடியில் வராத மழை ஒன்று ஐந்தே நிமிடம் பெய்தது. கிழவிகள் சேலைத் தலைப்பை விரித்துப் பிடித்து, பிழிந்து குடித்தார்கள். நானும் வேட்டியைப் பிழிந்து குடித்தேன். மூன்று நாள் வியர்வை, புழுதி, விபூதி எல்லாம் சேர்ந்த ருசி. அரோகரா.

வேறு ஒருவர் கேட்டது:

இந்த வருடம் நாங்கள் நண்பர்கள் நான்கு பேர் போகலாம் என்று இருக்கிறோம். என்ன கொண்டு போகவேண்டும்?

பட்டிக்காரர் மருமகன் எழுதியது:

முதலில், தெரிந்த பட்டிக்காரர் ஒருவர் இல்லாமல் போகாதீர்கள். ஆனை உள்ள பக்கம், கைபேசிக்குச் சிக்னலும் இடைக்கிடைதான். விடிய முன் கிளம்பி, பகல் ஒரு மணிக்குள் கூரை உள்ள இடத்துக்குப் போய்ச் சேருகிற மாதிரிக் கணக்குப் போடுங்கள். எங்களுக்கு மாட்டின் நடைதான் நடை, அதனால் முடியவில்லை. தண்ணீர் தாராளமாக, உப்பும் சீனியும் கொஞ்சம், ஒரு நீளத் தடி. மழைக்கோட்டுக்குப் பதில் உரப்பை. கிரான் வீதிக்கு மேலால் தண்ணீர் பாயத் தொடங்கிவிட்டால் படகுதான், அப்போது போகவே வேண்டாம்.

நேற்று மாமா வீட்டுக்கு வந்திருந்தார். எல்லாவற்றையும் அவருக்கு வாசித்துக் காட்டினேன். புடையன் கதைக்குத் தலையாட்டினார். முயலுக்குச் சிரித்தார். ரீச்சரின் கதையை இரண்டாம் முறை வாசிக்கச் சொல்லிவிட்டு, "அந்த ஆள் வயற்காரன் இல்ல, குளத்துக்குக் காவல் இருந்தவனா இருக்கும், அந்த நேரத்தில வயலுக்க ஆர் நிக்கிற" என்றார். ரீச்சர், உங்களுக்கு ஞாபகம் இருந்தால் சொல்லுங்கள், அவர் மறுபடி கேட்பார்.

போகும்போது ஒரு பையை நீட்டினார். உள்ளே என் இடது சப்பாத்து. வைகாசியில் ஓடை வற்றியபோது கிடைத்ததாம். காய்ந்து கருவாடாகியிருந்தது. இவ்வளவு நாள் வாடியில் ஆணிப்பெட்டியாக வைத்திருந்திருக்கிறார், ஆணிகளைக் கொட்டிவிட்டுத்தான் கொண்டுவந்தார். வலது சப்பாத்தை நான் எறிந்து ஒரு வருடமாகிறது.