புதுப்பிப்பு: நாக வகையின் ஆதிக்கம் அடங்கியது

பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. புதிதாக வருபவர்களுக்கு: கிளிநொச்சியில் எங்கள் பிள்ளைகள் ஸ்க்ராட்ச்சில் (கட்டங்களை அடுக்கி நிரல் எழுதும் மென்பொருள்) செய்யும் உயிரி பிடிக்கும் விளையாட்டில் நீர், நெருப்பு, செடி, மின்னல், நாகம் என்று ஐந்து வகை. நாகத்துக்கு நாகம்தான் எதிரி. அதனால் எல்லோரும் அதையே எடுத்தார்கள். எப்படிச் சமப்படுத்துவது என்று கேட்டிருந்தேன்.

முதலில் நாகத்தின் பலத்தைக் குறைத்துப் பார்த்தோம். பிறகு அதை ஒருவரும் தொடவே இல்லை.

சரிவந்தது போக்கிமானை (இதே போல உயிரி பிடிக்கும் ஜப்பானிய வீடியோ விளையாட்டு) சுட்டிக்காட்டிய அண்ணா சொன்ன வழி. அதில் 1996இல் உளவியல் வகையை அடக்க ஆளில்லை. 1999இல் வந்த இருள் வகைக்கு உளவியல் தாக்குதல் படவே படாது. 2013இல் டிராகனுக்கு எதிராகத் தேவதை வகையும் அப்படித்தான் வந்தது.

நாங்கள் புழுதி என்ற ஆறாவது வகையைச் சேர்த்தோம். அதன் உயிரி கீரி. நாகம் கீரியை அடித்தால் சேதம் 0, கீரி திருப்பி அடித்தால் 2 மடங்கு. நாகத்தின் பலம் பழையபடியே இருக்கிறது.

எதிர்பாராதது செடி வகை. புழுதியைச் செடி 2 மடங்கு அடிக்கும் என்று வைத்தோம், ஒருவரும் எடுக்காத செடி வகை உயிரியான பாலை மரத்துக்கு இப்போது போட்டி! போக்கிமானிலும், 1999 முதல் அதுவரை செடியை மட்டும் பலமாக அடித்த நஞ்சு வகைக்குத் தேவதை வந்துதான் வேலை கொடுத்தது.

ஸ்க்ராட்ச்சில் செய்பவர்கள் கவனிக்க: ஆறு வகை என்றால், எந்த வகை எந்த வகையை எத்தனை மடங்கு அடிக்கும் என்ற பட்டியலில் 36 (6 × 6) இடங்களையும் நிரப்புங்கள். வெறுமையாக விட்ட இடத்தைப் பெருக்கும்போது அது 0 என்றே எடுத்துக்கொள்ளும்.