லைன் அறுந்தாலும் ஸ்கேடா ஸ்க்ரீன் பச்சையாவே நிக்குது, சாப்ட்வேர் மாத்துனா தீருமா?

நிபோங்தெபால்காரன்:
வணக்கம். நிபோங் தெபால் பக்கம் ஒரு செம்பனை ஆலையில மெயின்டனன்ஸ் பாக்குறேன். ஆலைக்குத் தண்ணி ஆத்துல இருந்து வருது, பம்ப் ஹவுஸ் ஏழு கிலோமீட்டர் தள்ளி தோட்டத்துக்குள்ள, அங்க ஆள் கிடையாது, ஒரு பி.எல்.சி. (பம்பை ஓட்டுற சின்ன கண்ட்ரோல் கம்ப்யூட்டர்), ஒரு மோடம், ரெண்டு பம்ப் அவ்வளவுதான். ஸ்கேடா, அதாவது தூரத்து மெஷினைக் கண்காணிக்கிற சாப்ட்வேர், மோட்பஸ்ல (மெஷினுங்க நம்பர் பரிமாறிக்கிற முறை) அதைப் படிச்சு கண்ட்ரோல் ரூம்ல காட்டும். போன வாரம் நைட் ஷிப்ட்ல பம்ப் 1 பச்சை, ஆத்து லெவல் 2.4 மீட்டர்னே நின்னுருக்கு, ஆப்பரேட்டர் தம்பியும் மணிக்கு ஒரு தடவை லாக் புக்ல 2.4, 2.4னு ஒழுங்கா எழுதி வெச்சிருக்கான். காலையில போய்ப் பாத்தா ஆத்துல தண்ணி இறங்கி, பம்ப் காஞ்சு ஓடி, சீல் கருகிக் கிடக்கு. லைன் ராத்திரியே அறுந்துருச்சு, கடைசியா வந்த நம்பர் ஸ்க்ரீன்ல தங்கிடுச்சு. லெவல் கொறைஞ்சா பம்பை நிறுத்துற லாஜிக்கும் கண்ட்ரோல் ரூம் கம்ப்யூட்டர்லதான் இருக்கு. இப்ப எல்லாரும் அந்தத் தம்பியைத் திட்டுறாங்க, எனக்கு அது நியாயமாப் படல. மேனேஜர் ஸ்கேடா சாப்ட்வேரையே மாத்தணும்னு கொட்டேஷன் வாங்கிட்டாரு. மாத்துனா தீருமா?

பட்டர்வொர்த்_பேனல்:
தீராது தம்பி. புது சாப்ட்வேர்லயும் இதே மாதிரி வரைஞ்சா இதேதான் நடக்கும். அந்தப் பையன் மேல ஒரு தப்பும் இல்ல, ஸ்க்ரீன் காட்டுனதைத்தான் எழுதியிருக்கான், தப்பு ஸ்க்ரீன்லதான்.

முதல்ல அந்த நிறுத்துற லாஜிக்கை பி.எல்.சி.க்குள்ள இறக்குங்க. பம்பைக் காப்பாத்துற எதுவும் ஏழு கிலோமீட்டர் சிக்னலை நம்பி இருக்கக்கூடாது, இதுல விட்டுக்கொடுக்கவே கூடாது. உறிஞ்சுற கிணத்துல ஒரு லோ லெவல் ப்ளோட் (மிதவை ஸ்விட்ச்) போட்டு நேரா கான்டாக்டர் (மோட்டாருக்குக் கரன்ட் விடுற ஸ்விட்ச்) சர்க்யூட்ல வயர் பண்ணுங்க, பி.எல்.சி. செத்தாலும் அது பம்பை நிறுத்தும். கூடவே ஒரு அண்டர்கரன்ட் ரிலே, ஏன்னா பம்ப் காஞ்சு ஓடுறப்ப லோடு இல்லாம மோட்டார் ஆம்பியர் இறங்கும், அதை வெச்சே பிடிச்சிடலாம்.

அடுத்து ஹார்ட்பீட், அதாவது லைன் உயிரோட இருக்கான்னு காட்டுற துடிப்பு. பி.எல்.சி.யில ஒரு ரெஜிஸ்டர் (நம்பர் வெக்கிற இடம்) எடுத்து செகண்டுக்கு ஒண்ணு ஏத்திக்கிட்டே இருக்க வைங்க, ஸ்கேடா அதைப் படிக்கட்டும், ஒரு நிமிஷம் அந்த நம்பர் அசையலன்னா அலாரம் அடிச்சு அந்த பம்ப் ஹவுஸோட எல்லா நம்பரும் சாம்பல் கலர் ஆகணும், பக்கத்துல கடைசியா எத்தனை மணிக்கு வந்துச்சுன்னு நேரம் தெரியணும். மோடத்துக்கு பிங் போகுதுல்லன்னு சொல்லி இதை விட்டுடாதீங்க, மோடம் உயிரோட இருக்கும், பின்னாடி பி.எல்.சி. தொங்கிக்கிட்டு இருக்கும். எதிர்ப்பக்கமும் இதே மாதிரி ஸ்கேடா ஒரு நம்பரை எழுதிக்கிட்டே இருக்கணும், அது நின்னா பி.எல்.சி. தானா லோக்கல் மோடுக்குப் போயிடணும்.

இன்னொண்ணு, அந்தப் பச்சை எங்கிருந்து வருதுன்னு பாருங்க. ஓடுன்னு நீங்க அனுப்புன கமாண்டையே காட்டுறாங்களா, இல்ல கான்டாக்டரோட ஆக்ஸிலரி கான்டாக்ட்ல (கான்டாக்டர் நெஜமாவே மூடுச்சான்னு சொல்ற கூடுதல் கான்டாக்ட்) இருந்து வருதா? நிறைய இடத்துல கமாண்டைத்தான் காட்டுறாங்க. என்னைக் கேட்டா ப்ளோ மீட்டர்ல தண்ணி ஓடினாத்தான் பச்சை.

ஜெலுத்தோங்_ரேடியோ:
அது என்ன மோடம்? நம்ம மலேசியாவுல 3ஜி 2021 கடைசியோட மூடியாச்சு. பழைய 3ஜி மோடம்னா இப்ப 2ஜியிலதான் இழுத்துக்கிட்டு இருக்கும், பதில் வரவே சில நேரம் ஒரு செகண்டுக்கு மேல ஆகும், ஸ்கேடால டைம்அவுட் (பதிலுக்குக் காத்திருக்கிற நேரம்) அதைவிடக் கம்மியா வெச்சிருந்தா லைன் நல்லா இருந்தாலும் அடிக்கடி அறுந்த மாதிரிதான் காட்டும்.

நிபோங்தெபால்காரன்:
அண்ணே இப்பதான் பாத்தேன், 3ஜி மோடமேதான், டைம்அவுட் 500 மில்லிசெகண்ட். அதான் லைன் போச்சுங்கிற அலாரம் நாள் பூரா கத்துதுன்னு யாரோ அதை ஆஃப் பண்ணி வெச்சிருக்காங்க! மோடம்ல பப்ளிக் ஐபி (இன்டர்நெட்ல யாரும் எட்டக்கூடிய முகவரி) உள்ள சிம் போட்டு மோட்பஸோட 502 போர்ட்டை நேரா பி.எல்.சி.க்குத் திறந்து விட்டிருக்காங்க, அது பரவாயில்லையா?

பட்டர்வொர்த்_பேனல்:
பரவாயில்லையாவா! இன்னைக்கே மூடுங்க லா. மோட்பஸ் 1979ல வந்தது, அதுல பாஸ்வர்டுன்னு ஒண்ணே கிடையாது, அந்த ஐபி தெரிஞ்ச எவனும் உங்க பம்பை ஓட விடலாம் நிறுத்தலாம். ஷோடான் மாதிரி தளங்கள் இப்படித் திறந்து கிடக்கிற போர்ட்டைத் தேடிப் பட்டியலே போட்டு வெச்சிருக்கு. ஆஸ்திரேலியா குவீன்ஸ்லாந்துல 2000ல முன்னாடி கான்ட்ராக்டர்கிட்ட வேலை பாத்த ஒருத்தர் ரேடியோ வழியா கழிவுநீர் பம்ப் ஸ்டேஷனுக்குள்ள புகுந்து ஏறக்குறைய 8 லட்சம் லிட்டரை ஆத்துலயும் பார்க்லயும் விட்டுட்டாரு. 4ஜி ரவுட்டரா மாத்தி, பிரைவேட் ஏபிஎன் (உங்க சிம்முக்கு மட்டும் தனி நெட்வொர்க்) இல்லன்னா விபிஎன் (பூட்டுன தனி வழி) போடுங்க, வெளியில இருந்து ஒரு போர்ட்டும் தெரியக்கூடாது.

சுங்கைடுவா_இன்ஸ்ட்ருமென்ட்:
மேல சொன்னது எல்லாம் சரி, ஆனா லைன் நல்லா இருந்தும் சென்சாரே பொய் சொன்னா என்ன பண்ணுவீங்க? அமெரிக்கா மிசௌரில டௌம் சாக்னு ஒரு நீரேற்று மின் நிலையம், 2005 டிசம்பர் 14ல மேல் நீர்த்தேக்கத்துல லெவல் சென்சாரைப் பிடிச்சிருந்த குழாய் கழண்டு இடம் மாறி, உண்மையை விடக் கம்மியாக் காட்டிக்கிட்டே இருந்திருக்கு, பம்பும் ஓடிக்கிட்டே இருந்திருக்கு. காப்புக்கு வெச்ச ப்ரோபை சுவரோட தாழ்வான இடத்தைவிட உயரத்துல வெச்சிருந்தாங்க, அதனால தண்ணி அதைத் தொடவே இல்ல. சுவர் வழிஞ்சு உடைஞ்சு அரை மணி நேரத்துக்குள்ள தேக்கமே காலி, கீழ இருந்த பார்க் அதிகாரியோட குடும்பத்தையே அடிச்சுக்கிட்டுப் போச்சு, நல்ல வேளையா எல்லாரும் பொழைச்சாங்க.

அதனால ப்ளோட்டும் லெவல் ட்ரான்ஸ்மிட்டரும் வேற வேற பிராக்கெட்ல இருக்கட்டும். ட்ரான்ஸ்மிட்டர் லெவலை 4-20 மில்லிஆம்பியர் கரன்ட்டாத்தான் அனுப்பும், அது 3.6க்குக் கீழ போனா அது லெவல் இல்ல, வயரோ சென்சாரோ போச்சுன்னு எடுத்துக்கணும், சைபர் மீட்டர்னு காட்டக்கூடாது. மழைக்காலத்துல இடி விழுந்தா முதல்ல போறது அந்த ட்ரான்ஸ்மிட்டர்தான், சர்ஜ் ப்ரொடெக்டர் இருக்கான்னு பாருங்க, இருந்தா அதோட எர்த்தையும் பாருங்க.

இன்னொண்ணு, ஆத்துத் தண்ணி எப்பவும் கொஞ்சமாவது ஆடும். ட்ரெண்ட் கிராஃப்ல கோடு ஸ்கேல் வெச்சுப் போட்ட மாதிரி நேரா போனா அதுவே அலாரம்தான்.

நிபோங்தெபால்காரன்:
ரொம்ப நன்றி அண்ணன்மாரே. போர்ட்டை மூடச் சொல்லி இப்பவே போன் பண்ணிட்டேன், பம்பை இப்போதைக்கு ஆள் வெச்சுத்தான் ஓட்டப் போறோம். ப்ளோட் நாளைக்கே வயர் பண்றேன். மேனேஜர்கிட்ட அந்தக் கொட்டேஷனை நிறுத்தச் சொல்லி, 4ஜி ரவுட்டருக்கும் ப்ளோ மீட்டருக்கும் மட்டும் கேக்கப் போறேன், அந்தத் தம்பிக்குக் குடுத்த மெமோவையும் திரும்ப வாங்கச் சொல்றேன். 4ஜிக்கு மாறினப்புறம் டைம்அவுட் எவ்வளவு வைக்கலாம்?

ஜெலுத்தோங்_ரேடியோ:
மூணு செகண்ட், ரெண்டு ரீட்ரை. அஞ்சு பத்து செகண்டுக்கு ஒரு தடவை படிச்சாப் போதும், பம்பைக் காப்பாத்துற வேலை அங்கேயே நடக்குதுல்ல. ஆஃப் பண்ண அந்த அலாரத்தை மறக்காம ஆன் பண்ணிடுங்க.