அறுந்த சங்கிலி, கல் விழுந்த மோதிரம், ஒற்றைத் தோடு: எதைச் சரிசெய்யலாம்?

ஒற்றைத்தோடு கேட்கிறார்:
ஒரு டப்பா நிறைய உடைந்த நகை சேர்ந்துவிட்டது. தூக்கிப் போட மனசு வரவில்லை, போட்டுக்கொள்ளவும் முடியவில்லை. முலாம் பூசிய சங்கிலி ஒன்று நடுவில் அறுந்து கிடக்கிறது. வெள்ளி மோதிரத்தில் நீலக் கல் தனியாக வந்துவிட்டது. என்ன கல் என்று தெரியாது, ஆனால் பத்திரமாக இருக்கிறது. அம்மாவின் முத்துமாலையில் நூல் இற்றுப்போய், தொட்டாலே கொட்டிவிடும் போல இருக்கிறது. மீதியெல்லாம் ஜோடி தொலைந்த தோடுகளும் தொங்கட்டான்களும். சங்கிலியைப் பற்றவைக்க முடியுமா? கல்லை நானே ஒட்டலாமா?

வழிப்போக்கன்:
சூப்பர் குளூ ஒரு சொட்டு. வேலை முடிந்தது.

வெண்காரம்:
தம்பி, அந்தச் சொட்டைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். பற்றவைக்கும் வேலைதான் எனக்குப் பிழைப்பு. மேசைக்கு வருவதில் பாதி, யாரோ ஏற்கெனவே பசை போட்டுக் கொண்டுவருபவை. சூப்பர் குளூ காய்ந்தால் கண்ணாடி மாதிரி விறைத்துவிடும், மோதிரம் எங்காவது இடித்ததும் விட்டுவிடும். காயும்போது கிளம்பும் ஆவி கல்லைச் சுற்றி வெள்ளையாகப் படியும். அதைச் சுரண்டி எடுத்த பிறகுதான் நான் என் வேலையையே தொடங்க முடியும்.

சகோதரி, முதலில் ஒரு லென்ஸ் எடுத்து, மோதிரத்தின் உள்பக்கத்தையும் சங்கிலியின் கொக்கிக்குப் பக்கத்தையும் பாருங்கள். 925 என்றால் ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி. தங்கமாக இருந்தால் 916 என்பது 22 காரட், 750 என்பது 18 காரட். ஜி.பி. என்ற ஆங்கில எழுத்துகள் இருந்தால் அது முலாம்தான். காந்தத்தை நம்பாதீர்கள், தங்கம், வெள்ளி போலவே பித்தளையும் காந்தத்தில் ஒட்டாது.

முலாம் சங்கிலியைத் தீயில் காட்டவே கூடாது. பற்றவைக்கும் சூட்டில் முலாம் கறுத்துப்போகும். உள்ளே துத்தநாகக் கலவை இருந்தால், வெள்ளிப் பொடி (பற்றவைக்க இடையில் வைக்கும் உலோகக் கலவை) உருகுவதற்கு வெகு முன்பே சங்கிலி உருகிவிடும். அறுந்த கண்ணியை வெட்டி எடுத்துவிட்டு, அதே தடிமனில் ஒரு சின்ன வளையத்தைக் கோத்துவிடுங்கள். வளையத்தைத் திறக்க இரண்டு குறடு வேண்டும். இரு முனையையும் பக்கவாட்டில் இழுத்து அகட்டாதீர்கள், வட்டம் கோணிவிடும். ஒரு முனையை உங்கள் பக்கமும் மற்றதை எதிர்ப்பக்கமும் திருப்பிக் கோத்துவிட்டு, அதே வழியில் திரும்பக் கொண்டுவாருங்கள். முனைகள் ஒன்றையொன்று லேசாகத் தாண்டிப்போய்த் திரும்பினால் இறுக்கமாக மூடும். விரல் நகத்தை ஓட்டிப் பாருங்கள், இடைவெளி தட்டக் கூடாது.

மோதிரத்தில் கல்லைப் பிடிப்பது சின்ன உலோக நகங்களா, வெறும் குழியா? அதைச் சொல்லுங்கள், மேலே பேசலாம்.

நூல்கண்டு:
முத்துமாலைக்கு நான் வருகிறேன். அக்கா, நூலை இப்போதே வெட்டிவிடாதீர்கள். ஒரு துண்டை மடித்து நடுவில் பள்ளம் செய்து, மாலையை அதில் நீளமாகக் கிடத்திப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பல மாலைகளில் நடு முத்து பெரிது, ஓரத்துக்குப் போகப் போகச் சிறிது. அந்த வரிசை குலைந்தால் மறுபடி அமைப்பது பெரிய தலைவலி.

பட்டு நூல்தான் நல்லது. ஒவ்வொரு முத்துக்கும் நடுவில் ஒரு முடிச்சு. முத்தும் முத்தும் உரசாது, நூல் அறுந்தாலும் ஒன்றிரண்டுதான் விழும். முடிச்சைத் தளர்வாகப் போட்டு, அதற்குள் ஊசியை நுழைத்து, ஊசியாலேயே முத்தின் துளை வரை தள்ளிக்கொண்டு போக வேண்டும். முத்தைத் தொட்டதும் ஊசியை உருவிவிட்டு, இரட்டை நூலின் இரு இழைகளையும் எதிரெதிராக இழுத்தால் முடிச்சு துளையின் வாயில் இறுக்கமாக உட்காரும். முடிச்சு நிறைய நூலைத் தின்னும், தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

சுத்தம் செய்ய வினிகர், அம்மோனியா, அல்ட்ராசோனிக் (ஒலி அதிர்வில் கழுவும்) இயந்திரம் எதுவும் முத்துக்கு ஆகாது. முத்து கால்சியம் கார்பனேட், அமிலம் பட்டால் கரையும். ஈரத்துணியால் துடைத்தால் போதும். நூல் முழுக்கக் காய்ந்த பிறகு போட்டுக்கொள்ளுங்கள்.

ஒற்றைத்தோடு:
இருவருக்கும் நன்றி. மோதிரத்தில் 925 இருக்கிறது. நான்கு நகங்கள், ஒன்று வெளியே வளைந்திருக்கிறது, இன்னொன்றின் நுனி தேய்ந்து மொட்டையாக இருக்கிறது. சங்கிலி ஜி.பி. தான். ஒற்றைத் தோடுகளை என்ன செய்வது?

வெண்காரம்:
அப்படியானால் பசைக்கு வேலையே இல்லை. வளைந்த நகம் மட்டும் என்றால் நிமிர்த்திக்கொள்ளலாம். மொட்டை நகத்துக்கு நுனியில் வெள்ளி சேர்க்க வேண்டும், அது தீ வேலை. பத்தரிடம் கொடுக்கும்போது “கல் என்னவென்று தெரியாது, கழற்றி வைத்துவிட்டுப் பற்றவையுங்கள்” என்று சொல்லிவிடுங்கள். கண்ணாடியோ ஓப்பலோ என்றால் சூட்டில் விரிசல் விட்டுவிடும். ஈயம் கலந்த பொடி வைக்க வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஈயம் ஒட்டிய வெள்ளியைப் பின்னால் சூடாக்கினால் ஈயம் வெள்ளியை அரித்துக் குழி பறித்துவிடும்.

குழியில் உட்காரும் கல் வைத்திருப்பவர்களுக்கு: இரண்டு குழாயாக வரும் எபாக்ஸி பசை போடுங்கள், ஒரு நாள் அசையாமல் விடுங்கள். பின்பக்கம் மூடிய பளபளக் கற்களைத் தண்ணீரில் ஊறவைக்கவே கூடாது; அடியிலிருக்கும் தகடு கறுத்தால் கல்லே செத்துப்போனது போல் இருக்கும்.

பழையபொத்தான்:
தொங்கட்டான் என்றால் சுலபம். காதுக் கொக்கியைக் கழற்றிவிட்டு, மேலே ஒரு வளையம் கோத்தால் பதக்கம். அந்த ஜி.பி. சங்கிலியிலேயே மாட்டலாம். திருகாணித் தோட்டை எதுவும் செய்யாமல் துணிப்பையிலோ தொப்பியிலோ குத்திப் பின்னால் திருகாணியைப் போட்டால் அலங்கார ஊக்கு ஆகிவிடும். ஜோடி கிடைத்தால் காதுக்கே திரும்பிவிடலாம். தண்டை வெட்டி, அரத்தால் தேய்த்து, பின்னால் சிறு காந்தம் ஒட்டுவதும் உண்டு. ஆனால் அது ஒருவழிப் பாதை. போட்டோ சட்டம் முழுக்க நகைத் துண்டுகளை ஒட்டுவதை மட்டும் நான் சொல்ல மாட்டேன். தூசி அடையும், துடைக்க வராது. அது குப்பையை இடம் மாற்றுவதுதான்.

நூல்கண்டு:
பழைய கொக்கியால் காது அரித்திருந்தால், அது பெரும்பாலும் நிக்கல். டைட்டானியம் கொக்கி வாங்கி மாற்றுங்கள், ஜோடி உள்ளவற்றுக்கும்தான்.

வெண்காரம்:
வெள்ளி, தங்கத் துண்டு எவ்வளவு சின்னதானாலும் தனிப் பொட்டலத்தில் போடுங்கள், முலாமோடு கலக்காதீர்கள். உருக்கி வேறு நகையாக்கலாம். முத்துக் கோர்த்ததும் படம் போடுங்கள் சகோதரி.